திருச்சியில் ஏறி, தரைவழியாகப் பாங்காக் வரை: முதுகுப்பையோடு போய் வந்த கணக்கு

ஆனையூர் அலையன்:

ஊர் திரும்பியதிலிருந்து ஒரே கேள்வியை ஆள் மாற்றி ஆள் கேட்கிறீர்கள்: "இவ்வளவு குறைந்த பணத்தில் எப்படிப் போனீர்கள்?" தொலைபேசியில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. இங்கேயே எழுதிவிடுகிறேன். திட்ட நினைப்பவர்களும் இங்கேயே திட்டலாம்.

நானும் என் மனைவி கணக்கு டீச்சரும் போன வழியை முதலில் சொல்கிறேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறித் திருச்சி. அங்கிருந்து இரவு விமானத்தில் கோலாலம்பூர். பிறகு ரயிலில் பட்டர்வொர்த், படகில் பினாங்கு. மறுபடி ரயிலில் எல்லை ஊரான பாடாங் பெசார். அங்கே தாய்லாந்தின் படுக்கை வசதி ரயிலில் ஏறினால் மறுநாள் காலை பாங்காக். அங்கிருந்து சென்னைக்கு விமானம், சென்னையிலிருந்து வழக்கமான இரவு ரயிலில் மதுரை.

மதுரையிலிருந்து ஏன் கிளம்பவில்லை என்று கேட்பீர்கள். நாங்கள் பார்த்தபோது மதுரையிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இல்லை. கொழும்பு வழியாகவோ சென்னை வழியாகவோ போனால் பணமும் கூடுதல், அலைச்சலும் கூடுதல். திருச்சிக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து மலேசியாவுக்குப் பல ஆண்டுகளாக மலிவு விமானங்கள் ஓடுகின்றன.

விசாவுக்குச் செலவே இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள்கள் வரை மலேசியாவில் விசா இல்லாமல் தங்கலாம். 2026 முடியும் வரை இது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள்கள் என்று அறிவித்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத் தளத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாடுகளுக்கும் வருகைப் படிவத்தை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பினால் போதும். இரண்டுமே இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பது பணம் பிடுங்கும் போலித் தளங்கள்தாம். அரசுத் தளம் உங்களிடம் ஒரு பைசாகூடக் கேட்காது.

தெப்பக்குளம் தெற்குக்கரை:

பங்காளி, கதை நன்றாக இருக்கிறது. எண்ணைச் சொல்லாமல் நழுவுகிறாயே. மொத்தம் எவ்வளவு?

கணக்கு டீச்சர்:

அண்ணா, அவரிடம் கேட்டால் தோராயமாகத்தான் வரும். கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. இருவருக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடிந்தது. அதில் ஏறத்தாழப் பாதி விமானத்துக்கே போய்விட்டது. மீதிப் பணத்தில்தான் தங்கியது, சாப்பிட்டது, ரயில், படகு, சில்லறை எல்லாம். துணிமணி வாங்கவில்லை. சாக்லேட்டும் தைலமும் உறவுகளுக்குத் தவறாமல் வாங்கினோம். அதைத் தவிர்க்க வழியில்லை.

தெப்பக்குளம் தெற்குக்கரை:

ஒரு லட்சத்துக்குள் இருவர், இரண்டு நாடுகள். நம்பச் சிரமமாக இருக்கிறது தங்கச்சி. எங்கே படுத்தீர்கள்? ரயில்வே பிளாட்பாரத்திலா?

ஆனையூர் அலையன்:

பிளாட்பாரத்தில் இல்லை, ரயிலுக்குள்ளேயே படுத்தோம். எல்லையிலிருந்து பாங்காக்குக்கு ஓர் இரவுப் பயணம். அறை வாடகை மிச்சம், விமானக் கட்டணமும் மிச்சம். தாய்லாந்து ரயிலின் இரண்டாம் வகுப்புப் படுக்கை ஒருவருக்கு ஆயிரம் பாத்தை ஒட்டி வரும். ஒரு பாத் இரண்டரை ரூபாய்க்குச் சற்று மேல்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை சாதாரண மின்ரயில், கட்டணம் 11 ரிங்கிட் 40 சென். ஒரு ரிங்கிட்டுக்கு இருபது ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். ஜன்னலுக்கு வெளியே கெடா மாநிலத்து நெல்வயல்கள், சோழவந்தான் பக்கம் போவது போலவே இருந்தது. பாடாங் பெசார் நிலையத்தில் ஒரே கட்டடத்துக்குள் மலேசியக் குடிநுழைவு அலுவலகமும் தாய்லாந்துக் குடிநுழைவு அலுவலகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. இங்கே முத்திரை, நாலு எட்டு நடந்தால் அங்கே முத்திரை. விமான நிலையத்தில் பார்க்கும் நீண்ட வரிசை கிடையாது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மலேசிய நேரத்துக்குத் தாய்லாந்து நேரம் ஒரு மணி நேரம் பின்னால். மலேசிய ரயில் டிக்கெட்டில் மலேசிய நேரம், தாய்லாந்து டிக்கெட்டில் தாய்லாந்து நேரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நிலையத்தில் ஓடியவர்களைக் கண்ணால் பார்த்தோம்.

எல்லையில் நிற்கும் வண்டியில் சில பெட்டிகள்தாம் இருக்கும். ஹாட்யாய் போனதும் மற்றப் பெட்டிகளைச் சேர்த்து நீளமாக்குகிறார்கள். அதனால் எல்லையிலிருந்து படுக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். கீழ்ப்படுக்கை மேல்படுக்கையைவிட அகலம், விலையும் சற்றுக் கூடுதல். இருட்டியதும் பணியாளர் ஒருவர் வந்து இருக்கைகளை மடக்கி, மெத்தை விரித்து, வெள்ளை உறை மாட்டி, திரையும் இழுத்துவிட்டுப் போகிறார். தாய்லாந்து ரயிலில் மதுவுக்கு 2014 முதல் தடை, எனவே குடும்பத்தோடு நிம்மதியாகத் தூங்கலாம்.

மேலமாசி வீதிக்காரன்:

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுற்றுலா ஏற்பாடு செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இருவரும் இளவயது, ஆரோக்கியம், ஆங்கிலம் தெரியும். இதைப் படித்துவிட்டு நாளை ஒருவர் தன் அறுபத்தைந்து வயது அப்பாவைப் பையைத் தூக்க வைத்து எல்லையில் நிறுத்தினால் யார் பொறுப்பு? கோலாலம்பூரில் இறங்குகிறவரைத் திருப்பி அனுப்பும் கதைகள் உங்களுக்குத் தெரியாததல்ல. குழுவாக வந்தால் எங்கள் ஆள் கூட நிற்பார், ஹோட்டல் சீட்டும் திரும்பும் டிக்கெட்டும் ஒரே கோப்பில் இருக்கும். பேக்கேஜுக்கு டி.சி.எஸ். வரி (விற்கும் நிறுவனமே முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டுவது) பிடிக்கிறார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

பினாங்கு பாலம்:

உசிலம்பட்டிக்காரன், இங்கே பினாங்கில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக வேலையில் இருக்கிறேன். அண்ணன் சொல்வது பாதி உண்மை. சுற்றுலா என்று சொல்லிக்கொண்டு வேலை தேடி வருகிறவர்களைத்தான் குடிநுழைவு அதிகாரிகள் வடிகட்டுகிறார்கள். கையில் பணம் இல்லை, தங்கும் இடம் தெரியாது, திரும்பும் டிக்கெட் இல்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். குழுவாக வந்தவர்களையும் நிறுத்தியிருக்கிறார்கள். தனியாக வருகிறவர்கள் மூன்றையும் தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். கைபேசியில் காட்டலாம் என்று வந்து, சார்ஜ் தீர்ந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்கு டீச்சர்:

எங்களைத் திருச்சியிலேயே விமான நிறுவனத்தின் கவுண்ட்டரில் கேட்டுவிட்டார்கள்: "மலேசியாவிலிருந்து திரும்பும் டிக்கெட் எங்கே?" நாங்கள் மலேசியாவிலிருந்து திரும்பவில்லையே, தாய்லாந்துக்கு ரயிலில் அல்லவா போகிறோம். பாடாங் பெசார் ரயில் டிக்கெட்டையும் பாங்காக்–சென்னை விமான டிக்கெட்டையும் சேர்த்துக் காட்டினேன். மேலதிகாரியைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு விட்டார்கள். ஒரு நாட்டில் இறங்கி இன்னொரு நாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் இரண்டு சீட்டுகளையும் ஒன்றாகப் பின் குத்தி வைத்திருங்கள்.

இன்னொரு செய்தி பெண்களுக்கு. தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போனேன். அத்தை இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் திருச்சியில் திரும்பி வந்து இறங்குகிறவர்களின் நகையைச் சுங்க அதிகாரிகள் எப்படித் துருவுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். நகையோடுதான் போவேன் என்றால், புறப்படும்போதே சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது அது உங்கள் பழைய நகைதான் என்பதற்கு அத்தாட்சி.

மேலூர் மருமகள்:

அக்கா, நான் முட்டைகூடச் சாப்பிட மாட்டேன். தாய்லாந்தில் எதில் பார்த்தாலும் மீன் சாறு ஊற்றுவார்கள் என்கிறார்களே, பட்டினியாகவா கிடந்தீர்கள்? இட்லிப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோகலாமா?

கணக்கு டீச்சர்:

பொடி தாராளமாகக் கொண்டுபோகலாம். புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைக்காதே. 100 மில்லிக்கு மேற்பட்ட குழம்பு, பசை போன்றவற்றைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாவின் ஊறுகாய்ப் பாட்டில் அப்படித்தான் போனது. அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மலேசியாவில் உனக்குக் கவலையே வேண்டாம். பினாங்கில் லிட்டில் இந்தியா பக்கம் வாழையிலைச் சாப்பாடு, தோசை எல்லாம் கிடைக்கிறது; எங்கு திரும்பினாலும் தமிழ்க் குரல். தாய்லாந்தில் கொஞ்சம் பழக வேண்டும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளைப் பார். அங்கே மீன் சாறும் முட்டையும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். சீன வழி வந்த மக்கள் விரதத்துக்குச் சாப்பிடும் சமையல் அது. பப்பாளிக்காய்ச் சாலட்டைத் தவிர்த்துவிடு, பெரும்பாலும் இறால் இருக்கும். பாங்காக்கில் பஹுராட் என்ற துணிச்சந்தைப் பகுதியில் சீக்கியர்களின் குருத்வாரா இருக்கிறது. அங்கே லங்கர் என்ற பொதுப் பந்தியில் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் யாரென்று கேட்காமல் சாப்பாடு போடுகிறார்கள். நாங்கள் உண்டியலில் போட்டுவிட்டு வந்தோம்.

ஆனையூர் அலையன்:

மேலூர் மருமகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்கள் ஊர் சம்பந்தப்பட்டது. பாங்காக்கின் பழைய நகரத்தில் பெரிய சிவப்பு ஊஞ்சல் தூண் ஒன்று நிற்கிறது. முதலில் கட்டியது 1784இல். பக்கத்திலேயே அதே காலத்து அரசவைப் பிராமணர்களின் கோயில் இருக்கிறது. மார்கழியை ஒட்டி அங்கே நடக்கும் சடங்கில் திருவெம்பாவைப் பாடல்கள் இன்னமும் ஓதப்படுகின்றன; ஒலி மாறிப்போயிருக்கிறது, எழுத்தும் வேறு. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் மேலூரிலிருந்து கூப்பிடு தூரம் அல்லவா. ஊஞ்சலாடும் பகுதியை மட்டும் 1935இல் நிறுத்திவிட்டார்கள். அரண்மனைக்கு 500 பாத் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள்; இந்த ஊஞ்சலடியில் நிற்கக் காசு வேண்டாம். எங்களுக்கு இருந்த பணத்தில் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லத் தேவையில்லை.

தெப்பக்குளம் தெற்குக்கரை:

பங்காளி, பாங்காக் வரை போய் அரண்மனையைப் பார்க்கவில்லையா? தாஜ்மகால் வாசலில் டீ குடித்துவிட்டுத் திரும்பியதாகச் சொல்வாய் போலிருக்கிறதே.

ஆனையூர் அலையன்:

வெளியிலிருந்து பார்த்தோம். உள்ளே இருவருக்கும் ஆயிரம் பாத். அதே பணத்துக்கு அயுத்தயாவுக்குப் போய், சைக்கிள் வாடகைக்கு எடுத்து, நாள் முழுக்கச் சுற்றிவிட்டுச் சாப்பிட்டும் திரும்பலாம். மூன்றாம் வகுப்பு ரயிலில் இருபது பாத்துக்குள் டிக்கெட். நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்து, 1767இல் பர்மியப் படையெடுப்பில் அழிந்த நகரம். தலையில்லாத புத்தர் சிலைகளின் வரிசையைப் பார்த்தபோது அரண்மனையின் தங்கப் பூச்சைப் பற்றி எனக்கு ஏக்கம் வரவில்லை. டீச்சருக்கு வந்தது, அதை மறைக்கவில்லை.

கணக்கு டீச்சர்:

வந்தது. இன்னும் இருக்கிறது. அடுத்த முறை அரண்மனைக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். சிக்கனம் யாருடைய விருப்பத்தில் கை வைக்கிறது என்பதையும் கணக்கில் எழுத வேண்டும் என்று அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன். எல்லையில் ரயில் ஏறியது அவர் ஆசை. சுங்கைப் பட்டாணியில் இறங்கி, வாடகைக் காரில் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனது என் ஆசை. 1025இல் ராஜேந்திர சோழன் படை எடுத்த கடாரம் என்று பாடப் புத்தகத்தில் படித்த மண் அதுதான். மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் சிறிய கோயில்களின் கல் அடித்தளங்களை எடுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். மதுரைக்காரர் கண்ணுக்கு இடுப்பளவுக் கல்மேடைகள்தாம். கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் போக வேண்டாம். அந்தக் காருக்கு ஆன செலவை அவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

மேலமாசி வீதிக்காரன்:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். எங்கள் திட்டத்தில் அரண்மனையும் உண்டு, அயுத்தயாவும் உண்டு. ஐந்து நாளில் முடித்துத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

ஆனையூர் அலையன்:

அண்ணே, அந்த ஐந்து நாளில்தான் விலை ஏறுகிறது. கொஞ்ச நாளில் நிறைய இடம் என்றால் விமானம், தனி வண்டி, நகரத்தின் நடுவே ஹோட்டல், குறித்த நேரத்துக்குள் சாப்பாடு, எல்லாமே உயர்ந்த விலைக்குத்தான். எங்களுக்கு மலிவாக அமைந்ததற்குச் சாமர்த்தியம் காரணமில்லை, நேரம்தான் காரணம். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நகருக்கு அதிவேக ரயில் 55 ரிங்கிட், அரை மணி நேரம். பஸ்ஸுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது, ஒரு மணி நேரம் பிடிக்கும். எல்லா இடத்திலும் இதே கதைதான். பாங்காக்கின் சாவோ பிரயா ஆற்றில் சுற்றுலாப் படகும் ஓடுகிறது, ஆரஞ்சுக் கொடிப் படகும் ஓடுகிறது. ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் அந்தப் படகில் எங்கு ஏறி எங்கு இறங்கினாலும் இருபது பாத்துக்குள்தான்.

தெப்பக்குளம் தெற்குக்கரை:

அப்படியானால் இது வாத்தியார் வீட்டுக்கான பயணம் என்று தலைப்பில் போட்டிருக்க வேண்டும். கோடை விடுமுறை உங்களுக்கு. எனக்குக் கடையை நான்கு நாளுக்கு மேல் பூட்டினால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். நேரம் இலவசமா பங்காளி? நீ செலவில் எழுதாத பெரிய தொகை அதுதான்.

ஆனையூர் அலையன்:

நியாயம். என் பக்கத்திலும் சம்பளமில்லா விடுப்பு உண்டு. அதை நோட்டில் எழுதவில்லை.

கணக்கு டீச்சர்:

எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில். அவர் பார்க்கவில்லை.

பினாங்கு பாலம்:

கடைக்காரர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். இரண்டு நாடு வேண்டாம். பினாங்கு மட்டும் வாருங்கள். ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர், நடந்தே பார்த்துவிடலாம். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில், சீனர்களின் குல மாளிகைகள், எல்லாம் நடக்கும் தூரம்தான். தண்ணீர்மலை முருகனுக்கு மட்டும் பஸ். மாலையில் நாசி கண்டார் என்னும் சோறு-குழம்புக் கடைகளில் நிற்கும் வரிசையைப் பாருங்கள்; தலைமுறை தலைமுறையாக ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நடத்தும் கடைகள் பல. பணம் மாற்றும் கடைகளிலும் அவர்களே அதிகம், இந்திய ரூபாயையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து ஒருவர் 25,000 ரூபாய் வரை இந்தியப் பணமாகவே கொண்டுவரச் சட்டம் அனுமதிக்கிறது. விமான நிலையத்தில் மாற்றாமல் ஊருக்குள் வந்து மாற்றினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அட்டையில் செலவு செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இயந்திரம் "ரூபாயில் கழிக்கவா, ரிங்கிட்டில் கழிக்கவா" என்று கேட்கும். உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அமுக்கினால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றிவிடுவார்கள்.

மேலூர் மருமகள்:

எந்த மாதம் போகலாம்? எங்களுக்கு நவம்பரில்தான் கை ஒழியும்.

பினாங்கு பாலம்:

நவம்பரில் தென் தாய்லாந்தின் கிழக்குப் பக்கம் வேண்டாம் தங்கச்சி. 2025 நவம்பரில் ஹாட்யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. நீங்கள் போகும் ரயில் பாதை அந்த ஊர் வழியாகத்தான். பிப்ரவரி, மார்ச் நல்லது. தைப்பூசத்தை ஒட்டி வந்தால் பத்துமலையும் தண்ணீர்மலையும் பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் அறை வாடகை ஏறிவிடும், கோலாலம்பூரில் ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது.

தெப்பக்குளம் தெற்குக்கரை:

பாங்காக்கிலிருந்து அப்படியே அங்கோர்வாட்டுக்குப் பஸ்ஸில் போகலாம் என்று என் மைத்துனன் சொல்கிறான்.

ஆனையூர் அலையன்:

அது பழைய செய்தி. 2025இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் மோதல் வந்தபோது தரைவழி எல்லையை மூடிவிட்டார்கள். எல்லை திறந்த செய்தியைப் பார்க்காமல் மைத்துனர் பஸ் டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். வேறொன்றும் அவரிடம் சொல்: பாங்காக்கில் கோயில் வாசலில் நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து, "இன்று கோயில் மூடியிருக்கிறது, வேறு இடத்துக்கு ஆட்டோவில் அழைத்துப்போகிறேன்" என்பார். கோயில் திறந்துதான் இருக்கும். ஆட்டோ நேராக ரத்தினக்கல் கடையில் போய் நிற்கும். பல காலமாக நடக்கிற ஏமாற்று அது.

மேலமாசி வீதிக்காரன்:

இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மின் சிகரெட் வைத்திருப்பவர்கள் அதை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகட்டும், தாய்லாந்தில் அது குற்றம். முதியவர்களோடு போகிறவர்கள் மட்டும் என்னிடம் வாருங்கள். பையைத் தூக்குகிறவர்கள் அலையனிடம் போங்கள். பை எடை என்ன வைத்தீர்கள்?

கணக்கு டீச்சர்:

மலிவு டிக்கெட்டில் கைப்பைக்கு ஏழு கிலோதான். வாசலில் தராசு வைத்து நிறுக்கிறார்கள். இரண்டு செட் உடை, உடுத்தியது ஒன்று, துவைத்துக் காயப்போட ஒரு நைலான் கயிறு, பொடி, மருந்து. ஜீன்ஸ் வேண்டாம், அந்த ஈரக் காற்றில் இரண்டு நாளானாலும் காயாது. அவர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார், அதையும் சேர்த்து நிறுத்தார்கள். என் பையிலிருந்த இட்லிப்பொடியை அவர் சட்டைப் பைக்கு மாற்றித்தான் கணக்கைச் சரிசெய்தோம்.

மேலூர் மருமகள்:

அக்கா, அந்தக் கணக்கு நோட்டைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கடைசிப் பக்கத்தையும் சேர்த்து.